குடியை விட விரும்புவோருக்குத் துணை நிற்போம்

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. அறிந்திருந்தும் அதில் சிக்கியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் என்று நம் வட்டாரத்து எந்த ஊரை எடுத்தாலும், குடியால் கலங்கி நிற்கும் வீடு ஒன்றேனும் இருக்கவே செய்யும். வெளியில் தெரிந்தால் சம்பந்தம் செய்ய யாரும் முன்வரமாட்டார்கள் என்றஞ்சி அவ்வீட்டார் வாய் திறப்பதில்லை. குடிப்பவரோ வெட்கத்தால் ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

அல்லாஹ் மதுவைத் தடுத்த முறையைச் சிந்தியுங்கள். அதன் பயனைவிடப் பாவமே பெரிது என்று சூரத்துல் பகராவில் உணர்த்தினான். போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாமென்று சூரத்துன்னிஸாவில் விலக்கினான். பின்னர் சூரத்துல் மாயிதாவில் அறவே தடுத்தான். அப்போது மதீனத்து வீதிகளில் மது கொட்டப்பட்டு ஓடியது. இன்று கொஞ்சங்கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல, தடை முழுமையானது. ஆனால் பழக்கத்தில் ஊறிய மனிதன் அதிலிருந்து மீளப் பக்குவமும் துணையும் தேவை என்ற பாடம் இதில் உண்டு. மதீனாவில் எவரும் தனியாக விடவில்லை. ஊரே சேர்ந்து விட்டது.

குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது. குடிகாரர் என்று ஒதுக்கி வைக்கும் நாம் இதற்கு என்ன பதில் சொல்வோம்?

குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்கள் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் வீழ்ந்திருந்த இருவர் சேர்ந்து தொடங்கியது. 1957 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. தமிழிலும் கூட்டங்கள் உண்டு. கட்டணமில்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இன்று ஒருநாள் குடிக்காமலிருப்பது என்பதே அவர்கள் கைக்கொள்ளும் வழி. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான மருத்துவ மதிப்பீடு, குடியை முழுமையாக விட்டிருப்பதில் இவ்வழி மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று கண்டது.

நம்மவர்க்குச் சில ஐயங்கள் எழும். செய்த பாவத்தைப் பிறரிடம் சொல்லலாமா என்பது ஒன்று. பாவத்தைப் பகிரங்கப்படுத்துவோரை ஹதீஸ் கண்டிப்பது உண்மைதான். ஆனால் மருந்து தேடி வைத்தியரிடம் நோயைச் சொல்பவன் பெருமையடிப்பவனா? தேவைக்காக, உதவி நாடிச் சொல்வதற்கு உலமாக்கள் இடமளித்துள்ளார்கள். விருப்பமில்லையேல் அங்கே பேசாமலும் இருக்கலாம்.

சில ஊர்களில் கூட்டம் மாதாகோவில் வளாகத்தில் நடக்கிறதே என்பது இன்னொன்று. நடப்பது வணக்கமல்ல, இடந்தான் அவர்களுடையது. பொதுவாக ஏதும் பிரார்த்தனை சொன்னால், நம்மவர் மனதுக்குள் தம் துஆவை ஓதிக்கொள்ளலாம். தம்மை மீட்கும் மேலான சக்தி என்று அவர்கள் குறிப்பிடுவதை அவரவர் நம்பிக்கைப்படி கொள்ளலாம் என்பது அவர்கள் விதி. நமக்கு அது அல்லாஹ் ஒருவனே. பால்டிமோரில் 1989-ல் முஸ்லிம்களே மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில் இம்முறையை நம் மார்க்கத்துக்கு இசைவாக அமைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறக்கலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தக்கலக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். முதலில் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவையும் நாடலாம். சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். அருகில் கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை இவர்களிடமே கேளுங்கள். குடிப்பவரின் மனைவி, பெற்றோருக்கென அல்-அனான் கூட்டங்களும் உண்டு. அவர் வர மறுத்தாலும் வீட்டார் போகலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று திரும்பிவிடாமல், சில தடவையேனும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜமாஅத்தார் செய்யவேண்டியதும் உண்டு. நம்பிக்கைக்குரிய ஒருவர் முதல் நாள் கூடவே ரயிலேறிப் போகலாம். வெளியூர் போகும் செலவை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். கேட்ட செய்தியைக் காப்பது அமானத். விட்டவர் மீண்டும் தவறினால், தவ்பாவின் வாசல் மூடவில்லை என்பதை நினைவூட்டி மறுபடி அழைத்துச் செல்லலாம். தொழுகை ஸஃப்பில் அவர் வந்து நின்றால், பக்கத்திலிருப்பவர் விலகாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்கட்டும்.

அல்லாஹ் நம் சகோதரர்களை இம்முஸீபத்திலிருந்து மீட்டு, அவர்கள் வீடுகளில் ஸலாமத்தையும் பரக்கத்தையும் தருவானாக! ஆமீன்.