முகநூலை விட்டுப் போகலாமா?

2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்தத் தீக்கு எண்ணெய் வார்த்ததில் முகநூலுக்குப் பங்குண்டு. சில நாள் முன்புதான், அம்பாறை உணவகமொன்றில் சாப்பாட்டோடு கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் அதில் பரவியிருந்தது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதிலே பலமுறை கிடைத்தது. கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

திகனக் கலவரம் மலைநாட்டிலேயே நடந்தது. ஒரு வதந்தி கிளம்பினால் லயத்து வாசலுக்கு என்ன வந்து சேரும் என்பதை 1977இலும் 1983இலும் அனுபவித்த மக்கள் தோட்டத் தமிழர். எனவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஓர் இளைஞர் “இனி இந்தத் தளத்தில் இருக்க மாட்டேன்” என்று சொன்னால், அதில் உண்மையான அறக்கோபம் இருக்கிறது. போவதற்கு இடமும் உண்டு. 2016இல் தொடங்கிய மாஸ்டடன் எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமில்லாத சிறு சமூகங்களின் வலை. சிக்னலை நடத்துவது இலாப நோக்கற்ற அமைப்பு. தமிழ்நாட்டின் ஸோஹோ உருவாக்கிய ‘அரட்டை’ செயலிக்கு 2025இல் பெருங்கூட்டம் திரண்டது. வாட்ஸ்அப்பும் முகநூல் நிறுவனத்துடையதே என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவதை வெளியேற்றம் என்று கணக்கில் எடுக்க முடியாது.

ஆனால் அதே 2018இன் அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவாக இருந்த காலம். ஆயிரம் ரூபா கேட்டு, கறுப்பு உடையணிந்த மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். பெரிய தொழிற்சங்கத் தலைவர்கள் அழைத்துக் கூடிய கூட்டமல்ல அது. முகநூலில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள். தோட்டத் துரையின் அலுவலகத்தையும் சங்கத் தலைவரின் மேடையையும் தாண்டி, ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகன் நாட்டைப் பார்த்து நேராகப் பேசுவதற்குக் கிடைத்த முதல் பொதுவெளிகளில் ஒன்று, திகனயில் தீ வளர்த்த அதே தளம்தான். ஒரே ஆண்டில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்து எடைபோடாமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது.

உறவுகளும் அங்கேதான் இருக்கின்றன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பிப் பிரித்த குடும்பங்கள் பலவற்றின் ஒரு பாதி நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்கிறது. கடிதம் நின்றுபோன அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் தேடினால் முதலில் தேடுவது முகநூலில்தான். வீட்டு வேலைக்கு வளைகுடா போன தாய், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது வாட்ஸ்அப்பிலோ இமோவிலோ. காசுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. தொலைபேசி நிறுவனங்களின் மலிவான டேட்டா பொதிகள் பல, பெயர்பெற்ற சில செயலிகளுக்கு மட்டுமே செல்லும். புதிய தளத்துக்குள் நுழைய வேறு பொதி போட வேண்டும். கொழும்பில் வேலை பார்க்கும் மகனுக்கு அது பொருட்டில்லை; நாட்கூலியில் ரீலோட் செய்யும் தாய்க்குப் பொருட்டுதான்.

தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ முறை இருந்தது. கடனைக் குறித்த அந்தத் துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இன்றைய பெருந்தளங்களும் ஆளைப் பிடித்துவைப்பது இப்படித்தான்: கணக்கை மூடலாம், ஆனால் அதில் சேர்ந்த மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் தங்கியிருப்பவரைத் தீமைக்குத் துணைபோகிறவர் என்று கூசாமல் குற்றம் சாட்டுவது அநியாயம். துண்டு முறை 1921இல் ஒழிந்தது சட்டத்தால். தொழிலாளியின் மனஉறுதி மட்டும் அதைச் செய்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் சந்தைச் சட்டம், வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பிற செயலிகளோடும் செய்தி பரிமாற வழிவிட வேண்டும் என்கிறது. இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ யார் என்ன பேசலாம் என்பதில்தான் கண்ணாக இருந்தது. உறவுகளோடு வெளியேறும் உரிமை அதன் அக்கறையாக இருக்கவில்லை.

இருந்தாலும், “எல்லோரும் இருக்கிறார்கள், அதனால் நானும் இருக்கிறேன்” என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருப்பதே அந்த நிறுவனத்தின் பலம். யாராவது முதலில் போகத்தான் வேண்டும். வசதியும் படிப்பும் உள்ளவர் முதலில் போவது சரி. சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் தவறு. பொய்யைப் பொய் என்று தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஒரே நாளில் மறைந்தால், மிஞ்சுவது வதந்தி பரப்புகிறவனும் அதை நம்புகிறவரும்தான். மறுபடி ஒரு திகன வந்தால், கைகழுவிவிட்டுப் போனவரின் மனச்சாட்சி யாரையும் காப்பாற்றாது.

மலையகத்தின் படித்த பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். போவதென்று முடிவெடுத்தால் புதிய இடத்தில் முதலில் தமிழில் எழுதத் தொடங்குங்கள். தோட்டத்துச் சம்பளச் செய்தியும் மண்சரிவு எச்சரிக்கையும் அங்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். அம்மாவின் போனில் அதை நீங்களே போட்டுக் கொடுத்து, பழகும்வரை பக்கத்தில் இருங்கள். அவர்கள் வந்து சேரும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.