குறுக்கு வழிக்கு விலை கொடுப்பவர்

இந்தியப் பெருங்கடலில் எரிமலை எழுப்பிய தீவு ரீயூனியன். அதன் நடுவே, செங்குத்து மலைகள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்தாக்குக்கு இன்றும் சாலை கிடையாது. அங்குள்ள சிற்றூர்களுக்குக் காட்டு வழியே நடந்துதான் போக வேண்டும். கனத்த சரக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கும். ஒரு காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது.

அத்தகைய மலைச்சரிவில் பாதை நேராக இறங்காது. வளைந்து வளைந்தே இறங்கும். களைத்தவன் கண்ணுக்கு அடுத்த வளைவு காலடியிலேயே தெரியும். புதரை மிதித்துக் குறுக்கே இறங்கினால் சில நிமிடம் மிச்சம். முதல் ஆள் மிதித்தால் புல் சாயும். பலர் மிதித்தால் மண் தெரியும். பிறகு மழைக்கும் அதுவே வழியாகிவிடும். அந்தத் தீவின் மழையோ சாதாரணமானதல்ல. 2007 பிப்ரவரியில், புயலின்போது, எரிமலைப் பக்கத்து மேட்டில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்சியில் நான்கு ஆண்டுகளில் பெய்வதைவிட அது அதிகம். அப்படிப்பட்ட வெள்ளம் கால்தடத்தை வாய்க்காலாக்கி, வேரோடு மண்ணைப் பெயர்த்து, கீழே உள்ள பாதையையே அறுத்துவிடும்.

குறுக்கே இறங்கியவன் அப்போது அங்கே இருக்க மாட்டான். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்பதே பல நேரம் நடப்பு. மஃபாத்தில் தபால்காரர் நடந்தே தபால் கொண்டு போகிறார். பாதை அறுந்தால் தவிப்பது அவர்தான்.

நம் ஊரிலும் இதே கதைதான். திருச்சி பாலக்கரை ரவுண்டானாவைச் சுற்றி வரச் சோம்பி, எதிர்த்திசையில் வண்டியை விடுகிறவர் "ஒரு நிமிஷந்தானே" என்பார். எதிரே பள்ளிப் பிள்ளையோடு வரும் தாய் சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றுகிறார். அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இவருக்கு நேரமில்லை.

தண்டனைக்குப் பயந்து நேர்வழியில் நடப்பவனை, தண்டனை வராத இடத்தில் எது தடுக்கும்? முகம் தெரியாத ஒருவர் பின்னால் வருகிறார் என்ற நினைப்பு ஒன்றே தடுக்க முடியும். அந்த நினைப்போடு நாலு அடி கூடுதலாக நடப்பதற்குப் பெயர்தான் ஒழுக்கம். அதைப் பழக மலையேற வேண்டியதில்லை. நம் தெருமுனையே போதும்.