பாராமுகமும் பொய்யாகுமா?

உள்ளத்தில் அன்பு இருக்க, முகத்தில் மட்டும் பாராமுகம் காட்டுவது பொய்யாகுமா? வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாதவனைப் பொய்யன் என்று பழிப்பது முறையா? ஆங்கிலப் புதின ஆசிரியை ஜேன் ஆஸ்டின் இறுதியாக எழுதி முடித்த 'பெர்சுவேஷன்' என்னும் நூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இவ்வினா என் முன் வந்து நிற்கின்றது. 1817 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் நூல் வெளிவந்தது.

நம் மாணவர்கள் பெரும்பாலும் அவருடைய வேறொரு புதினத்தில் வரும் டார்சியைத்தான் அறிவர். ஆனால், டார்சியின் புறக்கணிப்பு மெய்யான செருக்கிலே தோன்றிப் பின்னர் அன்பாய்க் கனிந்தது. வெண்ட்வொர்த்தின் புறக்கணிப்போ அன்புக்குப் பின் வந்தது. அறத்தின்முன் நிறுத்தி வினவத் தக்கது அதுவே என்பது என் கருத்து.

பத்தொன்பது வயதில் ஆன் எலியட், கடற்படை அதிகாரி வெண்ட்வொர்த்தை மணக்க இசைந்தாள். அவனிடம் பொருள் இல்லை. தாயற்ற அவளுக்குத் தாய்போல் இருந்த லேடி ரசல் தடுத்துரைக்க, அவள் தன் சொல்லை மீட்டுக்கொண்டாள். எட்டு ஆண்டுகள் கழித்து, செல்வமும் பெயரும் பெற்று அவன் திரும்புகின்றான். ஒரே கூடத்தில் இருக்கின்றார்கள். ஒரே மேசையில் உண்கின்றார்கள். அவன் அவளிடம் காட்டுவது குறைவற்ற மரியாதை; அதைவிடக் கொடிய தண்டனை வேறு உண்டோ?

ஆயினும் உள்ளம் சிற்சில வேளைகளில் காவலை மீறிவிடுகின்றது. நோயுற்ற சிறுவனின் அருகே மண்டியிட்டிருக்கும் ஆனின் முதுகில், அவள் தங்கையின் இரண்டு வயது மகன் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கின்றான். யாரோ அவனைத் தூக்கி விலக்குகின்றார்கள். வெண்ட்வொர்த் என்று உணர்ந்ததும் அவளுக்கு நா எழவில்லை. அவனோ அவளது நன்றியைக் கேட்க விரும்பாதவன்போல் அக்குழந்தையோடு ஆரவாரம் செய்துகொண்டிருக்கின்றான். பின்னொரு நாள், நடந்து களைத்த அவளை, ஒன்றும் பேசாமல் தன் தமக்கையின் வண்டியில் ஏற்றிவிடுகின்றான். இவை அன்பின் செயல்கள் என்பதை அவனே அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். தான் பற்றற்றுவிட்டதாகவே அவன் நம்பினான். உண்மையில் அவனிடம் இருந்தது சினமே. ஆகவே அவன் ஊரை ஏமாற்றும் முன் தன்னையே ஏமாற்றிக்கொண்டவன் ஆகின்றான்.

ஆனும் மறைக்கத்தானே செய்தாள் என்று கேட்கலாம். பிறர் ஆட, அவள் பியானோ வாசிக்கின்றாள். கண்களில் நீர் நிறைகின்றது. தன்னை யாரும் நோக்காததே அவளுக்கு ஆறுதலாகின்றது. ஆனால் அவள் மறைத்ததால் எவரும் பொய்யான நம்பிக்கை கொள்ளவில்லை. தன்னை மணக்கக் கேட்ட சார்லஸ் மஸ்குரோவுக்கும் முன்னரே இல்லை என்று சொல்லிவிட்டாள். வெண்ட்வொர்த்தோ லூயிசா என்னும் இளம்பெண்ணிடம் நெருங்கிப் பழகினான். லைம் நகரின் கடலணைப் படியிலிருந்து அவள் குதித்து விழுந்து நினைவிழந்த பின்னரே, அவளுக்கு உரியவனாகத் தன்னை நண்பர்கள் எண்ணிவிட்டனர் என்பதை அறிகின்றான். அவள் விரும்பினால் மறுக்க வழியில்லை. அவள் மனம் பென்விக்கிடம் சென்றதால் அவன் தப்பினான். அது நற்பேறு, நல்லொழுக்கம் அன்று. மறைத்தல் எப்போது குற்றமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1816 இல் ஆசிரியை முதலில் எழுதிய முடிவு வேறு. அதில், ஆன் வேறொருவரை மணக்கப் போகின்றாளா என்று கேட்டறியும் பணியை அட்மிரல் கிராப்ட் வெண்ட்வொர்த்திடம் ஒப்படைக்க, அந்தச் சங்கடத்தால் உண்மை வெளிப்படுகின்றது. இது போதாது என்று நினைத்தார் போலும், திருத்தி எழுதினார். நீக்கப்பட்ட பகுதியின் கையெழுத்துப் படி இன்றும் இருக்கின்றது. புதிய முடிவில் எவரும் அவனை நெருக்கவில்லை. மாறாத அன்பைப் பற்றி ஆன் மற்றொருவரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, அவன் தானாக ஒரு கடிதம் எழுதி அவள்முன் வைக்கின்றான்.

இருவரும் ஒன்றிய பின் அவன் ஒன்று கேட்கின்றான்: 1808 இல், கையில் சிறிது பொருள் சேர்ந்தபோது, நான் எழுதியிருந்தால் ஏற்றிருப்பாயா? ஏற்றிருப்பேன் என்பதே அவள் விடை. செருக்கினால் எழுதாத ஒரு கடிதம் ஆறு ஆண்டுகளைத் தின்றுவிட்டது.

இப்பகுதியை நான் அமைதியாகப் படிக்க இயலாததற்குக் காரணம் உண்டு. இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன்பால் எனக்குத் தனிப் பற்று இருந்தது. நடுநிலை தவறலாகாது என்று பயிற்சிக் கல்லூரியில் கற்றிருந்தேன். ஆதலால் மற்றவரினும் அவனிடமே கடுமையாக நடந்துகொண்டேன். அதை நேர்மை என்றும் எண்ணினேன். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்தில் மனைவி மக்களோடு வந்து வணங்கியவன், "ஐயாவுக்கு அப்போ என்னைப் பிடிக்காதே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, அறிந்த உண்மையாகச் சொன்னான்.

அப்பொழுதாவது நான் மறுத்திருக்கலாம். அவன் மகளின் பெயரைக் கேட்டேன். எந்தப் பள்ளியில் படிக்கின்றாள் என்று கேட்டேன்.