தாரை வார்த்தல்

கொடுத்துவிட்டேன் என்று சொல்வதற்கும் கொடுப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை, வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டுவரும் அம்மாள் எனக்குக் கற்பித்தாள். கற்பிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் கைப்பேசியில் நடந்தது. பத்தாம் வகுப்பில் படித்த அவள் மகளிடம் கைப்பேசி இல்லை. என் மேஜைக்குள் பழைய ஐபோன் ஒன்று கிடந்தது. திறக்கும் எண் மறந்துபோயிருந்ததால், ஒரு கடையில் கொடுத்துக் கணிப்பொறியோடு இணைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்து வாங்கினேன். அவள் கையில் அதைக் கொடுத்தபோது என் மனைவியின் பார்வையில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. நானும் அதை மறுக்கவில்லை.

மாதங்கள் சென்றன. ஒருநாள், "போன் நன்றாக ஓடுகிறதா அம்மா?" என்று கேட்டேன். அவள் கூடையைப் பார்த்தாள்.

"ஓடலைய்யா. ஏதோ பேரு கேட்டுச்சு. டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில காட்டினேன். 'இது இன்னொருத்தர் பேருல இருக்கே, எங்க எடுத்தே?'ன்னாக. நாலு பேரு பார்த்தாக. பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"பேரு உங்க பேருதானேய்யா. திருப்பிக் கேட்பீகளோன்னு பத்திரமா வச்சிருக்கேன்."

கருவியைத் துடைத்திருந்தேன், கணக்கிலிருந்து நீக்கவில்லை. 2013ஆம் ஆண்டு முதல் ஐபோனில் ஒரு பூட்டு உண்டு. காணாமற்போனால் தேடும் வசதியை உடையவர் இயக்கி வைத்திருந்தால், யார் துடைத்தாலும் கருவி மீண்டும் கண் விழிக்கும்போது அவருடைய கடவுச்சொல்லையே கேட்கும். திருடனுக்குப் பயன்படக் கூடாது என்று செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருடியவனையும் தானம் பெற்றவளையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. உடையவன்தான் தன் கணக்கைத் திறந்து, பட்டியலிலிருந்து கருவியை நீக்கி, அதைச் சொல்ல வேண்டும்.

பூட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்பது உண்மை. பட்டியலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கொடுப்பதற்கு முந்தைய இரவு அதைத் திறந்து பார்த்தேன். 'நீக்குக' என்ற சொல்லருகே விரல் போயிற்று. 'கிடக்கட்டுமே, நம் பெயர் இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?' என்று மூடிவிட்டேன். நிலத்தை விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பட்டா மட்டும் தம் பெயரில் இருக்கட்டும் என்று இருக்கிற மனிதர்களைக் கதைகளில் எவ்வளவோ கேலி செய்தவன் நான்!

நம் முன்னோர் தானம் கொடுக்கும்போது நீர் வார்த்தார்கள். வார்த்த நீரைத் திரும்ப அள்ள முடியாது. மாவலி வார்க்கப் போனபோது சுக்கிராசாரியார் வண்டாகிக் கெண்டியின் மூக்கை அடைத்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே கொடுத்தவன் ஒருவன், அடைத்தவர் வேறொருவர். என் கெண்டியில் இரண்டு வேலையையும் நானே பார்த்திருக்கிறேன். அவமானம் மட்டும் அவளுக்கு.

அன்று இரவே நீக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். பூவை முழம் போட்டுக்கொண்டே தலையசைத்தாள். பத்தாம் வகுப்புக்குப் பள்ளி 2021 ஜனவரி 19ஆம் தேதியே திறந்துவிட்டது. மகள் அப்போது வகுப்பில் இருந்தாள்.