ஏன் என்று கேட்ட வாத்தியார்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளில் பாதியில் உட்கார்ந்துவிடும் பிள்ளையை யாரும் வைவதில்லை. "கால் வலிக்குதா? தண்ணி வேணுமா?" என்று கேட்கிறோம். அதே பிள்ளை பாடத்தில் பாதியில் நின்றுவிட்டால் மட்டும் 'சோம்பேறி', 'மக்கு' என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

அப்படி முத்திரை குத்தாமல் காரணம் தேடியவர் லைட்னர் விட்மர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1867-இல் பிறந்த அவர் முதலில் பள்ளி வாத்தியார். அவரிடம் படித்த ஒருவன் சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்கியே பேசினான். எழுத்திலும் அதே தடுமாற்றம். ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில்தான் சிக்கல் என்று விட்மர் கண்டுபிடித்தார். பொறுமையாக உட்கார்ந்து பழக்கினார்.

பிறகு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் படித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடப் பொறுப்பேற்றார். 1896-இல் மார்கரெட் மகுவைர் என்ற ஆசிரியை, எழுத்துக்கூட்டவே வராத ஒரு மாணவனை அவரிடம் அழைத்து வந்தார். மனத்தை ஆராயும் கல்வி இந்தப் பையனுக்கு உதவாவிட்டால் அதனால் என்ன பயன் என்பது விட்மரின் எண்ணம். சோதித்துப் பார்த்தால் பையனுக்குப் பார்வைக் கோளாறு! கண்ணாடி போட்டார்கள், தனியாக உட்காரவைத்துப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் முன்னேறினான். உலகின் முதல் உளவியல் கிளினிக் அந்த ஆண்டில் அங்கே பிறந்தது. பள்ளி உளவியல் என்ற துறைக்கும் அதுவே விதை.

விட்மர் 1907-இல் இந்தக் கிளினிக் பணிக்கென ஓர் இதழ் தொடங்கினார். தனிக்கவனம் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் நடத்தினார். வாத்தியார், ஆய்வாளர், பேராசிரியர், இதழாசிரியர் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தது. 'இந்தப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நம் பிள்ளைகளில் சிலருக்கும் இந்தக் கேள்வி தேவைப்படுகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிவது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். காது மந்தமான பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று பெயர் வாங்கும். குறைநீக்கல் வகுப்பில் சேர்க்கச் சொன்னால் சில பெற்றோருக்குக் கௌரவம் தடுக்கிறது. அது தண்டனை இல்லை, உதவி.

மதிப்பெண் குறைந்தால் பிரம்பைத் தேடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். காரணம் தெரியும் முன்னே பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள்.