கேள்வியை எழுதியவர்கள்

2019ஆம் ஆண்டு. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். பருவநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை உண்டு? இதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கலாமே! பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கடல் மட்டம் உயர்வதையும் புயல்கள் வலுப்பதையும் அன்றாடம் காணும் தீவுகளின் பிள்ளைகள் அவர்கள்.

வனுவாட்டு அரசு அந்த யோசனையைத் தன் கோரிக்கையாக ஏற்றது. இந்த இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பக்கூடிய ஐ.நா. பொதுச்சபையில் மாணவர்களுக்கு வாக்கு கிடையாது. ஓர் அரசு தோள் கொடுத்தால்தான் வழி திறக்கும். உலக மாநாடுகள் பலவற்றில் இளைஞர்களுக்கு மேடையில் ஐந்து நிமிடம் தருகிறார்கள். எதைப் பேசுவது என்பதோ முன்பே முடிவாகியிருக்கும். இங்கே பேசுபொருளையே இளைஞர்கள் தீர்மானித்தார்கள், பெரியவர்கள் அதைச் சுமந்து சென்றார்கள்.

2023 மார்ச் 29இல், அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பொதுச்சபைத் தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2025 ஜூலை 23இல் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: கடமை உண்டு, மீறும் நாடு பொறுப்பேற்க வேண்டும், இழப்பீடு தரவும் நேரலாம். ஆலோசனைக் கருத்து என்பதால் அது எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் இனி அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.