வந்ததை அனுப்பினேன்

“எனக்கு வந்துச்சு, அனுப்பினேன், அவ்வளவுதான் அண்ணே.”

நம் இளைஞர்களிடம் இந்தப் பதிலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இப்படிச் சொல்பவர் பொய்யர் இல்லை. எழுதியவன் வேறு, கடத்தியவன் வேறு என்று உண்மையாகவே நம்புகிறார். கடிதத்தில் கெட்ட செய்தி இருந்தால் தபால்காரரையா திட்டுவோம் என்று கேட்கிறார். சரி, ஆனால் தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. எந்த வீட்டில் போடலாம் என்று யோசிப்பதும் இல்லை. நாம் படிக்கிறோம், மனம் கொதிக்கிறோம், பிறகு எந்தக் குழுவில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று தேர்ந்தெடுத்துத்தான் போடுகிறோம்.

எங்கள் வட்டார இளைஞர் பிரிவின் புலனக் குழுவில் செய்தி பகிர்வதற்கு விதிகள் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: உறுதி செய்யாத செய்தியை அனுப்பாதே. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் 2021 டிசம்பரை நினைத்துப் பார்த்தால் அந்த வரி நிற்கவில்லை.

சா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியபோது மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் காத்துக் கிடந்தார்கள். இன்ன ஜாலான், இன்ன எண் வீடு, நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று செய்திகள் கைமாறிக்கொண்டே இருந்தன. யார் அதை உறுதி செய்ய முடியும்? படகு வைத்திருந்தவர்கள் செய்தியை நம்பிப் போனார்கள். உறுதி செய்த பிறகுதான் அனுப்புவேன் என்று அன்று எல்லாரும் இருந்திருந்தால் பாட்டி கூரையிலேயே இருந்திருப்பார்.

இன்னொரு நாளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 26, விடியற்காலையில் சுபாங் ஜெயாவின் சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. ஆலய நிலத்தையும் இடமாற்றத்தையும் பற்றிய பழைய தகராறு அது. ஆனால் கைபேசிகளில் இனச் சண்டையாக ஓடியது. பேசுவது யாரென்றே தெரியாத குரல் பதிவுகள், “எல்லாரும் உடனே வாங்க” என்ற அழைப்புகள். இது இனப் பிரச்சினை இல்லை என்று காவல் துறை சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் வாகனங்கள் எரிந்திருந்தன. அந்தக் கலவரத்தின்போது படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பர் 17ஆம் தேதி இறந்துபோனார். எந்தக் குரல் பதிவு யாரை அங்கே இழுத்துப் போனது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதை அனுப்பியவர்களும் வந்ததைத்தான் அனுப்பினார்கள்.

இரண்டுமே உறுதி செய்யாத செய்திகள். ஆனால் வெள்ளச் செய்தியில் கேட்டவரின் வீட்டு எண் இருந்தது, தொலைபேசி எண் இருந்தது. பொய்யாக இருந்தால் ஒரு படகு வீணாகப் போய்த் திரும்பும், அவ்வளவுதான். குரல் பதிவில் பெயரே இல்லை. அது பொய்யானால் அடி விழுவது அனுப்பியவனுக்கு இல்லை, அன்றிரவு அந்தப் பக்கம் போகும் வேறு யாருக்கோ.

அதனால் என் முதல் விதி இப்படி அமைந்தது: இது தவறாக இருந்தால் யாருக்கு அடி விழும், அவருக்கு நீ பதில் சொல்வாயா? சொல்வேன் என்றால் உன் சொந்த வார்த்தையில் எழுது. எங்கே, எப்போது, யாரிடம் கேட்டாய் என்று ஒரு வரி சேர். பெயரில்லாத குரல் பதிவு குழுவுக்குள் வரவே கூடாது. தவறு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதே, அனுப்பிய அதே இடத்தில் நீயே சொல். ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2019இல் வாட்ஸ்அப் நிறுவனமே கட்டுப்பாடு வைத்தது. அதனால் வேகம்தான் குறையும், பொறுப்பு யாருக்கும் வந்துவிடாது.

உண்மையான செய்தி என்றால் அனுப்பலாமா? நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து, கீழே கிடக்கும் பையனின் முகம். படம் உண்மைதான். ஆனால் அம்மாவுக்குக் காவல் துறையின் அழைப்பு வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவின் கைபேசி வழியாகத் தெரிந்துவிடுகிறது. திருக்குறளில் வாய்மை 30ஆவது அதிகாரம். புறங்கூறாமை 19இல், பயனில சொல்லாமை 20இல் தனித்தனியாக நிற்கின்றன. பொய் சொல்லாதே என்ற ஒன்றே போதும் என்று வள்ளுவர் நினைத்திருந்தால் அந்த இரண்டுக்கும் தேவை இருந்திருக்காது. உண்மையாகவே இருந்தும் சொல்லத் தகாதவை உண்டு என்று எனக்குப் புரிய வைத்தது இந்த அதிகார வரிசைதான். உரையாசிரியர்கள் என் கணக்கை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

குழு நிர்வாகிகள் நாலு பேரும் முதலில் தயங்கினார்கள். “நாங்க என்ன போலீஸா?” என்றார் ஒருவர். மலேசியாகினி வழக்கை எடுத்துச் சொன்னேன். வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் செய்தித் தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு நியாயமா என்று நாம் தனியாகச் சண்டை போடலாம். ஆனால் இடம் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று சட்டம் பார்க்கிறது என்பதை நிர்வாகிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. விதிகளை வாசித்துக் காட்டியபோது ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: “தாமான்ல ஒருத்தன் பொண்ணுங்களைத் தொந்தரவு பண்றான்னு வச்சுக்குங்க. சொல்றவ பேரைப் போட்டா அவ நிம்மதியா வெளியே நடக்க முடியுமா?” பெயர் போடு என்று சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்கு இல்லை. அவள் இரண்டு நிர்வாகிகளிடம் நேரில் சொல்லட்டும், அவர்கள் விசாரித்துத் தங்கள் பெயரில் எச்சரிக்கை போடட்டும் என்று எழுதி வைத்தோம். தொந்தரவு செய்பவன் நிர்வாகிக்கே வேண்டியவனாக இருந்தால்? அதையும் அவளே கேட்டாள். நிர்வாகிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று இப்போதைக்குச் சேர்த்திருக்கிறோம். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.